அந்த ரெண்டாவது அடி

காவேரிப்பட்டணம்,
ஆடி வெள்ளி, ராத்திரி.

பாப்பா,

பேண்டை விட்டுட்டு தனியா மிஷின் பாட்டே போடட்டுமா, ஓசூர் கல்யாணத்தை விட்டுட்டு பெங்களூர் மேடைக்குப் போகட்டுமான்னு போன வாரம் நீ போன்ல கேட்டதுக்கு வெறும் 'ம்' கொட்டிட்டு வச்சிட்டேன். கோபம்னு நினைச்சிருப்பே. அதெல்லாம் இல்ல. உங்கப்பா பக்கத்துலயே உட்கார்ந்து கூத்துல ஊதற குட்டி நாயனத்துக்கு, அதான் முகவீணைக்கு, சீவாளி சரி பண்ணிட்டிருந்தார். அவரை வச்சுக்கிட்டு பேசற சமாச்சாரம் இல்ல அது. மெசேஜா அடிக்கலாம்னா நாலு வரி தாண்டறதுக்குள்ள என் விரல் எங்கேயோ போகுது. அதான் பேப்பர்.

உன் பாட்டை மூணு தடவை கேட்டேன். பாட்டுன்னு சொல்லலாமோ என்னமோ, பாடறவங்க யாரும் இல்லையே அதுல. முதல் தடவை போன் ரிப்பேராயிடுச்சுன்னு நினைச்சு அணைச்சிட்டேன். ரெண்டாவது தடவை தூங்கிட்டேன், மன்னிச்சுக்கோ. மூணாவது தடவை இயர்போனை மாட்டிக்கிட்டு திண்ணையில உட்கார்ந்தப்போதான் அடியில கேட்டுது, டொக் டொக்னு. நெஞ்சு பக்குனு ஆயிடுச்சு. அது என் கட்டை! தை மாசம் லீவுல வந்து, நானும் எதிர்வீட்டு அக்காவும் புளி தட்டறப்போ மூட்டை மேல போனை வச்சியே, அந்தச் சத்தம்.

ஒண்ணு கேக்கறேன். நல்லா காஞ்ச புளின்னா ஒரே அடியில கொட்டை தெறிச்சிடும். ஈரம் இருந்தா விடாது, பின்னாலயே சின்னதா இன்னொரு அடி விழணும். இருபது வருஷமா என் கை அப்படித்தான் பழகியிருக்கு. உன் பாட்டுல எல்லா அடியும் நூல் பிடிச்ச மாதிரி விழுது. நிமிஷத்துக்கு 124ன்னு சொன்னே. முன்ன பின்ன விழுந்த அடியைக் கம்ப்யூட்டரே இழுத்துக் கட்டத்துக்குள்ள உட்கார வச்சிடும்னும் சொன்னே. சரி, வைக்கட்டும். அந்த ரெண்டாவது அடியை எதுக்கு வெட்டினே? புளி தட்டறவ காதுக்கு அது தெரியுதுடி.

உங்கப்பாவுக்கும் ஒரு காதுல மாட்டி விட்டேன். கடைசி வரைக்கும் கேட்டார். "சுருதி சேர்ந்திருக்கு"ன்னு சொல்லிட்டு எழுந்து மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிட்டார். அவர் வாயில இருந்து அதுக்கு மேல வராதுன்னு உனக்கே தெரியும்.

உனக்குத் தெரியாத ஒண்ணு சொல்றேன். 1996ல, நீ பிறக்கறதுக்கு முன்னாடி, அவர் ரெண்டு டேப்ரெக்கார்டர் வச்சிருந்தார். ஒண்ணு எங்க அண்ணன் கொடுத்தது, இன்னொண்ணு சந்தையில பழசு வாங்கினது. முதல்ல முகவீணையில ஒண்ணை ஊதிப் பதிஞ்சுக்குவார். அதை ஓட விட்டு, கூடவே வேற ஒண்ணை ஊதுவார். ரெண்டும் சேர்ந்து அடுத்த கேசட்டுல ஏறும். மறுபடி அதை ஓட விட்டு மூணாவது. ஒவ்வொரு சுத்துக்கும் 'உஸ்ஸ்'னு இரைச்சல் கூடிட்டே போகும். நாலாவது சுத்துல மழைக்குள்ள நின்னு யாரோ நாலு பேர் ஊதற மாதிரி இருக்கும். நாலும் அவரேதான். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும், ஆனா அப்போ சொன்னதில்ல.

கூத்து ஜமாவுல யாருக்கும் இது தெரியாது. சொன்னா சிரிப்பாங்கன்னு மறைச்சார். சேலத்துல ஒருத்தர் ஸ்டுடியோ வச்சிருந்தார், ராத்திரியில வந்தா காசு கம்மின்னு சொல்லவும், காய்ச்சல்னு ஜமா நடத்தற வாத்தியாருக்குச் சொல்லி அனுப்பிட்டு இவர் பஸ் ஏறிட்டார். பாரதக் கூத்து நடக்குது, அன்னிக்கு அர்ச்சுனன் தபசு. வேஷக்காரர் படிக்கு ஒரு பாட்டுப் பாடித் தபசு மரம் ஏறணும். அவர் மூச்சு வாங்கற வரைக்கும் முகவீணை அந்த ஒரு சுரத்தைப் பிடிச்சுக்கிட்டு நிக்கணும். அன்னிக்குப் பிடிக்க ஆள் இல்ல. ஆர்மோனியத்தை வச்சே ஒப்பேத்தியிருக்காங்க.

சேலம் பஸ் ஸ்டாண்டுல நம்ம ஊர்க்காரர் யாரோ இவரைப் பார்த்துட்டாங்க. வாத்தியார் ஒரு வார்த்தை கேக்கல. அந்த ராத்திரிக்கான பங்கை மட்டும் ஆள் மூலமா வீட்டுக்கே கொடுத்தனுப்பிட்டார். மூணு நாள் அந்தக் காசு சாமி மாடத்துலயே கிடந்தது, உங்கப்பா தொடல. நான்தான் எடுத்து அரிசி வாங்கினேன். அன்னியோட டேப்பை எல்லாம் கட்டிப் பரண்ல போட்டுட்டார்.

பொய் சொல்லிட்டுப் போனது தப்புதான். ஆனா அதுக்காக டேப்புல ஊதிப் பதியறதையே நிறுத்தினாரே, அதை நான் இன்னும் மன்னிக்கல. 'வாத்தியாரே, எனக்கு இப்படி ஒரு கிறுக்கு இருக்கு, ஒரு ராத்திரி விடுங்க, ஆளை நான் அனுப்பறேன்'னு கேட்டிருந்தா அந்த மனுஷன் விட்டிருப்பார்.

நீ சொன்ன பம்பாய்க்காரர், சரண்ஜித் சிங், அவரை அடிக்கடி நினைச்சுக்கறேன். சினிமா ஆர்கெஸ்ட்ராவுல கிடார் வாசிச்சவர், 1982ல மூணு வாத்திய மிஷினை வச்சு பத்து ராகத்தைத் தனியா ரிக்கார்டு போட்டார், விக்கல. இருபது வருஷம் கழிச்சு வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் கண்டெடுத்து, 2010ல மறுபடி போட்ட அப்புறம்தான் உலகம் திரும்பிப் பார்த்துச்சுன்னு சொன்னே. நீ அதைச் சொன்னப்போ உன் கண்ணு மின்னுச்சு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? நடுவுல அத்தனை வருஷம் அவர் வீட்டுல அடுப்பு எரிஞ்சுதே, அது இந்த ரிக்கார்டு வித்த காசுல எரியல.

அதனால பேண்டை இப்போ விடாதே. வாடகைக்காக மட்டும் சொல்லல. உன் மிஷின் யாருக்காகவும் நிக்காது, நீதான் அது பின்னால ஓடணும். பேண்டுல பாடற பையன் இழுத்தா நீ நிக்கறே பாரு, அந்தப் பழக்கம் உன் கையை விட்டுப் போயிடக்கூடாது. ரெண்டாவது அடியை நீ வெட்டினதைக் கேட்டதுல இருந்து எனக்கு அந்த பயம்தான்.

ஓசூர் கல்யாணத்துக்கு ஆனியிலேயே அட்வான்ஸ் வாங்கியாச்சு. பெங்களூர் மேடை அப்புறம் வந்தது. முன்னால வாங்கினதுக்குத்தான் முதல்ல போகணும். ஆனா அதுக்குள்ள பேண்டுக்காரங்களை உட்கார வச்சு உன் பாட்டைப் போட்டுக் காட்டு. கேலி பண்ணுவாங்க, பண்ணட்டும். பழகின கை வேற ஒண்ணு இருந்தா, எந்தப் பாட்டுக்கு எந்த டோன்னு எழுதிக் கொடுத்து, ரெண்டு நாள் கூட உட்கார்ந்து பழக்கிட்டு, அன்னிச் சம்பளத்தை முழுசா அந்த ஆளுக்கே கொடுத்துடு. பேண்டுக்காரங்க ஒத்துக்கிட்டா மட்டும் உன் மேடைக்குப் போ. ஒத்துக்கலன்னா மூஞ்சியைத் தூக்காம ஓசூருக்குப் போ. காய்ச்சல்னு மட்டும் சொல்லாதே.

எதிர்வீட்டு அக்கா மகன் ஞாயித்துக்கிழமை பெங்களூர் வர்றான். கொட்டை எடுத்த புளி ரெண்டு கிலோ, கூடவே பழைய துணிப்பையில மூணு கேசட் அனுப்பறேன். உங்கப்பாவுக்குத் தெரியாம பரண்ல இருந்து எடுத்தேன். ஒண்ணுல பூஞ்சை பிடிச்சிருக்கு, அவசரப்பட்டு ஓட்டாதே, தெரிஞ்சவங்ககிட்ட காட்டு. கம்ப்யூட்டர்ல ஏத்தினா இரைச்சலை எடுத்துடலாம்னு சொல்லுவியே, எடுக்காதே.

புளியை வந்த அன்னிக்கே ஜாடியில போட்டு, கல் உப்பு தூவி மூடி வை. பிளாஸ்டிக் பையிலயே வச்சு போன தடவை மாதிரி வீணாக்காதே.

அம்மா