அவசரப்பட்ட பெற்றோர் எழுதுவது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார உடல்நலப் பக்கத்தில், குழந்தைகளின் மூட்டுவாதத்துக்குப் போடும் பயாலஜிக் ஊசிகள் (மூட்டைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்க, உயிருள்ள செல்களில் தயாரிக்கும் மருந்துகள்) பற்றிய கட்டுரை படித்தேன். 'நேற்று வந்த இந்த மருந்துகளுக்குப் பெற்றோர் அவசரப்பட்டுத் தலையாட்டிவிடக் கூடாது' என்று ஒரு வரி. அப்படித் தலையாட்டியவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் அவசரத்தைக் கேளுங்கள். மகளுக்கு முழங்கால் வீங்கி, காலையில் கட்டிலை விட்டு இறங்க முடியாமல் அழுதாள். 'வளர்கிற பிள்ளைக்குக் கால்வலி வரத்தான் செய்யும்' என்றார் முதலில் பார்த்த டாக்டர். அடுத்தவர் கால்சியம் எழுதினார். சொந்தக்காரர்கள் முடவாட்டுக்கால் சூப் வைக்கச் சொன்னார்கள், வைத்தோம். அப்புறம் ஸ்டீராய்டு, முகம் உப்பியது. அப்புறம் வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் என்ற மூட்டுவாத மாத்திரை, அதைப் பார்த்தாலே குமட்டல். இத்தனைக்கும் பிறகுதான் அடலிமுமாப் என்ற பயாலஜிக் ஊசி. அதற்கும் முன்னால் காசநோய் ஒளிந்திருக்கிறதா என்று மான்டூ டெஸ்ட், எக்ஸ்ரே. இதைவிட நிதானமாக எப்படிப் போவதென்று உங்கள் கட்டுரையாளர் சொல்லித்தந்தால் நல்லது.

நேற்று வந்த மருந்துகளா? எடானர்செப்ட் என்ற பயாலஜிக்கைக் குழந்தைகளின் மூட்டுவாதத்துக்கு அமெரிக்கா அனுமதித்தது 1999-இல். அடலிமுமாப் 2014 முதல் நம் நாட்டிலேயே தயாராகிறது. விடாத காய்ச்சலோடு உடல் முழுவதையும் பாதிக்கும் சிஸ்டமிக் வகை மூட்டுவாதத்துக்குப் பயாலஜிக்கையே முதல் மருந்தாகக் கொடுக்கலாம் என்று அமெரிக்க வாதநோய் மருத்துவர்கள் அமைப்பு 2021-இல் சொல்லிவிட்டது. தாங்கள் அறியாததா?

ஆபத்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. கிருமித்தொற்று எளிதில் வரும், சில தடுப்பூசிகளைப் போடக் கூடாது, புற்றுநோய் பற்றிய எச்சரிக்கையும் உண்டு. எங்கள் டாக்டர் உட்காரவைத்து எல்லாம் சொன்னார். ஊசி தேவைப்படும் பிள்ளைக்கு அதைப் போடாவிட்டால் என்ன ஆகும் என்பதைத்தான் உங்கள் கட்டுரை சொல்லவில்லை. மூட்டு அரித்துப்போகலாம், ஒரு கால் மற்றதைவிட நீண்டுவிடலாம், தாடை வளராமல் நின்றுவிடலாம். இப்போது என் நாத்தனார் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பி, 'பேப்பர்லயே போட்டிருக்கான், நிறுத்திடுங்க' என்கிறார்.

உங்களிடம் இது புதிதும் இல்லை. ஒவ்வோர் அக்டோபர் 12-ஆம் தேதியும் மூட்டுவாத நாளுக்கு முழங்காலைப் பிடித்துக்கொண்டிருக்கும் பாட்டி படம்தான். குழந்தைக்கும் வரும் என்று ஒரு வரி கிடையாது. மருத்துவமனையில் தங்கவில்லை என்று சொல்லிக் காப்பீட்டு நிறுவனம் ஊசிப் பணத்தைத் தர மறுத்ததை விரிவாக எழுதி அனுப்பினேன், வரவில்லை. அந்த வாரம் ஒரு நடிகரின் நாய்க்குட்டிக்கு அரைப் பக்கம். இடப் பற்றாக்குறை, புரிகிறது.

மறுப்பு எல்லாம் வேண்டாம். நான்கு வரி பெட்டிச் செய்தி போதும்: ஆறு வாரமாகியும் மூட்டு வீக்கம் போகாத குழந்தையை வாதநோய் மருத்துவரிடம் காட்டுங்கள். மூட்டுவாதம் என்று தெரிந்தால், அது சத்தமில்லாமல் கண்ணையும் தாக்கலாம் என்பதால், கண்ணில் வலியோ சிவப்போ இல்லாவிட்டாலும், டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஸ்லிட் லாம்ப் (ஒளிக்கீற்று விளக்கு) கண் பரிசோதனை செய்யுங்கள். அந்தக் கட்டுரைக்குக் கீழே கால் பக்கத்துக்கு வந்த மூட்டுவலித் தைல விளம்பரதாரர் மனம் கோணாத ஏதாவது ஒரு மூலையில் போட்டாலும் சரி.

இப்படிக்கு,
நீண்டநாள் சந்தாதாரர்,
தென்காசி