முதல் காலாண்டு அறிக்கையை எழுதப்போகும் நண்பருக்கு

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்களை ஒரு மென்பொருள் திட்டத்தின் தலைவராக நியமிக்கும் தீர்மானத்தை, தன்னார்வலர்கள் எழுதும் திறமூல மென்பொருள் திட்டங்களைப் பேணும் அப்பாச்சி மென்பொருள் அறக்கட்டளையின் இயக்குநர் குழு நிறைவேற்றியதை அறிந்து மகிழ்ந்தேன். அந்தப் பொறுப்புக்கு அங்கே ‘துணைத் தலைவர்’ என்ற கம்பீரமான பெயர் உண்டு. சம்பளம் கிடையாது, மென்பொருளின் போக்கைத் தனியாகத் தீர்மானிக்கும் அதிகாரமும் கிடையாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை இயக்குநர் குழுவுக்கு அறிக்கை அனுப்பும் கடமை மட்டும் தப்பாமல் உண்டு. அதில் என்ன எழுதுவது என்றும், சொல்லும்படியாக எதுவும் நடக்காத காலாண்டிலும் எழுதத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியமானது என்று நினைக்கிறேன். அதற்குப் பதில் சொன்னாலே முதல் கேள்விக்கும் பாதிப் பதில் கிடைத்துவிடும்.

அறிக்கையைப் படிப்பவர்கள் யார் என்பதிலிருந்து தொடங்குகிறேன். 1999-இல் உருவான இந்த அறக்கட்டளையை உறுப்பினர்களால் ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும் ஒன்பது இயக்குநர்கள் மேற்பார்வையிடுகிறார்கள். அவர்களும் நம்மைப் போலத் தன்னார்வலர்களே. மாதம் ஒருமுறை, பெரும்பாலும் மூன்றாம் புதன்கிழமையன்று, அவர்கள் கூடும்போது பல பத்துத் திட்டங்களின் அறிக்கைகள் காத்திருக்கும். அவற்றை முன்கூட்டியே படித்துக் கருத்தெழுதி வைத்துவிட்டுத்தான் கூட்டத்துக்கே வருகிறார்கள். உங்கள் மென்பொருளின் உள்கட்டமைப்பு அவர்களில் பலருக்குத் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை, ஏனெனில் தொழில்நுட்ப முடிவுகளில் இயக்குநர் குழு தலையிடுவதில்லை. இந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளப் போதுமான ஆட்கள் இருக்கிறார்களா, அவர்கள் தங்களுக்குள் பேசி முடிவெடுக்கிறார்களா என்ற இரண்டையும் அறியவே அவர்கள் படிக்கிறார்கள்.

போதுமான ஆட்கள் என்றால் எத்தனை பேர்? அப்பாச்சியின் விதிப்படி மூன்று பேர். எந்த வெளியீடானாலும், திட்டத்தை நடத்தும் மேலாண்மைக் குழுவின் உறுப்பினர்களில் குறைந்தது மூவர் மூல நிரலைத் தாங்களே இறக்கி, தொகுத்து, சரிபார்த்து, ஆதரவைக் குறிக்கும் +1 என்று வாக்களித்த பிறகுதான் அது அறக்கட்டளையின் வெளியீடாகிறது. சாதாரண நாள்களில் இது வெறும் சடங்கு போலத் தோன்றலாம். 2021 டிசம்பரில் ஜாவா மென்பொருள்கள் தம் செயல்பாடுகளைப் பதிவுசெய்யப் பயன்படுத்தும் லாக்4ஜே என்ற நிரல் நூலகத்தில் அந்தப் பெரிய பாதுகாப்புக் குறை வெளிப்பட்டபோது, 2.15.0, 2.16.0, 2.17.0, 2.17.1 என நான்கு வெளியீடுகளை ஒரே மாதத்துக்குள் அடுத்தடுத்துக் கொண்டுவர வேண்டியிருந்தது. சம்பளத்துக்கு வேறெங்கோ வேலை பார்த்துக்கொண்டே இந்தத் திட்டத்தைக் கவனித்துவந்த ஒரு சிறு குழு தூக்கத்தைத் துறந்து அதைச் செய்தது. அந்த டிசம்பரில் அழைத்தால் ஓடிவர ஆள் இல்லாத திட்டமாக அது இருந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அறிக்கையில் இயக்குநர்கள் தேடுவது இந்த விடையைத்தான்.

ஆகவே, அறிக்கைக்கான இணையக் கருவி தானாக நிரப்பித் தரும் எண்களை நம்பி இருந்துவிடாதீர்கள். கமிட்டுகள், அதாவது நிரலில் பதிவான மாற்றங்கள், எத்தனை, முடிவாகாமல் இருக்கும் புல் ரிக்வெஸ்டுகள், அதாவது மாற்றக் கோரிக்கைகள், எத்தனை, மின்னஞ்சல் குழுவில் மடல்கள் எத்தனை சதவீதம் கூடின அல்லது குறைந்தன என்றெல்லாம் அது அழகாக அடுக்கிக் கொடுக்கும். ஆனால் மடல்கள் பாதியாகக் குறைந்ததற்குப் பேச்சு முழுவதும் வேறொரு தளத்துக்குப் போனது காரணமாக இருக்கலாம், பேசுவதற்கு ஆளில்லாமல் போனதும் காரணமாக இருக்கலாம். எது என்பது கருவிக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். ‘கமிட்டுகள் நாற்பது சதவீதம் குறைந்துள்ளன’ என்று விட்டுவிடாமல், ‘பெரும்பாலான நிரலை எழுதிவந்த இருவரின் நிறுவனம் அவர்களை வேறு பணிக்கு மாற்றிவிட்டது, இப்போது வார இறுதிகளில் மட்டுமே வருகிறார்கள், திருத்தங்களைச் சரிபார்ப்பது தாமதமாகிறது’ என்று எழுதுங்கள். இரண்டாவது வாக்கியத்தைப் படிக்கும் இயக்குநரால் உதவ முடியும். முதல் வாக்கியத்தைப் படிப்பவர் ஒப்புதல் போட்டுவிட்டு அடுத்த அறிக்கைக்குப் போய்விடுவார். நிரலில் நேரடியாக மாற்றம் செய்யும் உரிமை பெற்ற கமிட்டர் ஒருவர் கடைசியாக எப்போது சேர்ந்தார், மேலாண்மைக் குழுவில் கடைசியாக யார் எப்போது சேர்க்கப்பட்டார் என்ற இரண்டு தேதிகளையும் அவர்கள் கூர்ந்து பார்ப்பார்கள். அவை பழைய தேதிகளாக இருந்தால் வெட்கப்பட வேண்டியதில்லை, ஆனால் அடுத்து யாரைச் சேர்க்க எண்ணியிருக்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அப்படி எண்ணப்படுபவரின் பெயரை மட்டும் பொதுப் பகுதியில் எழுத வேண்டாம். கூட்டக் குறிப்புகள் பின்னர் யாரும் படிக்கும்படி வெளியாகும். ஆட்களைப் பற்றிய பேச்சும் இன்னும் வெளியிடப்படாத பாதுகாப்புக் குறைகளும் தனிப்பகுதி என்று குறிக்கப்பட்ட இடத்தில் இருக்கட்டும்.

உண்மை நிலையை எழுத்தில் வைப்பதற்கு ஓப்பன்ஆபிஸ் என்ற அலுவலக மென்பொருள் நல்ல எடுத்துக்காட்டு. ஆரக்கிள் நிறுவனம் 2011-இல் அதை அப்பாச்சிக்குக் கொடுத்தது. 2016 ஜூலையில் அதன் 4.1.2 பதிப்பில் இருந்த ஒரு பாதுகாப்புக் குறை அறிவிக்கப்பட்டது; அப்போது அதைச் சரிசெய்யும் புதிய பதிப்பு தயாராக இருக்கவில்லை, 4.1.3 அக்டோபரில்தான் வந்தது. இடையில் செப்டம்பர் மாதம், திட்டத்தை மூடுவதென்றால் என்னென்ன செய்ய வேண்டும் என்று அப்போதைய தலைவர் டென்னிஸ் ஹாமில்டன் குழுவின் முன் விரிவாக எழுதிவைத்தார். ஏறத்தாழ ஆறு தன்னார்வலர்கள் மட்டுமே அதைத் தாங்கிக்கொண்டிருக்கிறார்கள் என்றும் அவர்களுக்குத் துணைவரத் திறனும் விருப்பமும் உள்ள வேறு ஆட்கள் தென்படவில்லை என்றும் வெளிப்படையாகச் சொன்னார். பலருக்கு அது கசந்தது. திட்டம் மூடப்படவில்லை, இன்றுவரை வெளியீடுகள் வருகின்றன. அந்த முடிவு சரியா என்பதில் எனக்கே ஐயம் உண்டு, ஆனால் நிலைமையை மறைத்து ‘பணிகள் வழக்கம்போல் நடைபெறுகின்றன’ என்று எழுதியிருந்தால் பயனர்களுக்கு அது பெரிய அநீதியாக இருந்திருக்கும்.

இனி, ஒன்றும் நடக்காத காலாண்டுக்கு வருகிறேன். எழுதத்தான் வேண்டும். முதிர்ந்த நூலகங்களில் ஆண்டுக்கணக்கில் பெரிய மாற்றம் தேவைப்படாமல் இருப்பது இயல்பே, அதை இயக்குநர்களும் நன்றாக அறிவார்கள். அத்தகைய காலாண்டில் மேலாண்மைக் குழுவுக்கு ஒரு மடல் அனுப்பி, ‘அவசரமாக ஒரு வெளியீடு தேவைப்பட்டால் சரிபார்த்து வாக்களிக்க யாரெல்லாம் இருக்கிறீர்கள்?’ என்று கேளுங்கள். நான்கு பேர் பதில் சொன்னால், ‘புதிய பணி இல்லை, கேட்டபோது நால்வர் பதிலளித்தனர்’ என்பதே முழுமையான, நல்ல அறிக்கை. இரண்டே பேர் பதில் சொன்னால் அதையும் அப்படியே எழுதுங்கள். அனுப்பாமல் விட்டால் அடுத்த மாதமே கேட்பார்கள். தொடர்ந்து விட்டால், வாக்களிக்க மூவர் இல்லாத திட்டங்களை ஒப்படைப்பதற்காக 2008-இல் தொடங்கப்பட்ட ‘அட்டிக்’ பற்றிய பேச்சு வரும். தரவுத்தளங்களுக்கும் ஹடூப் என்ற பெருந்தரவு அமைப்புக்கும் இடையே தரவை மாற்ற ஒருகாலத்தில் பெரிதும் பயன்பட்ட ஸ்கூப் 2021-இல் அங்கே போனது. அது தண்டனை அல்ல. நிரல் படிப்பதற்கு அப்படியே கிடைக்கும், விரும்புவோர் எடுத்துத் தொடரலாம், கவனிக்க ஆளில்லை என்பது மட்டும் பயனர்களுக்குத் தெளிவாகிவிடும்.

எல்லா அமைப்புகளிலும் இப்படித்தான் என்று எண்ண வேண்டாம். ஃப்ரீபிஎஸ்டி என்ற இயங்குதளத் திட்டம் 2001-இலிருந்து வெளியிட்டுவரும் நிலை அறிக்கைகள் உலகத்துக்காக எழுதப்படுபவை; அங்கே ஒவ்வொருவரும் தம் பணியைப் பற்றித் தாமே ஒரு பத்தி எழுதி அனுப்ப, ஒரு குழு அவற்றைத் தொகுக்கிறது. படிக்க அவை சுவையானவை. உங்களுடையது மேற்பார்வைக்கானது என்பதால் அந்தச் சுவையை எதிர்பார்க்காதீர்கள். ஒரு பக்கம் போதும், பலநேரம் அரைப் பக்கமே போதும்.

அறிக்கை உங்கள் பெயரில் போனாலும் குழுவின் அறிக்கைதான். எனவே கெடு நாளுக்கு ஒரு வாரம் முன்பாக வரைவை உறுப்பினர்களுக்கு அனுப்பிவிடுங்கள். அதற்கு வரும் பதில்களே, யார் இன்னும் இருக்கிறார்கள் என்ற கேள்விக்குப் பாதி விடையைத் தந்துவிடும். சென்ற முறை இயக்குநர்கள் ஏதாவது கேட்டிருந்தால், கூட்டக் குறிப்பில் தேடிப் பார்த்து அதற்கான பதிலை அறிக்கையின் தொடக்கத்திலேயே வையுங்கள். உங்களுக்கு முன்பிருந்த தலைவரிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அதில் அடங்கும். வரைவு முடிந்ததும் விரும்பினால் எனக்கும் அனுப்புங்கள், தனிப்பகுதியை மட்டும் நீக்கிவிட்டு.

அன்புடன்,
உங்கள் நண்பன்