கேபிளின் நீளத்தை ஏன் கேட்கவில்லை?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற இதழின் கேள்வி-பதில் பகுதியில், 5 எச்.பி. நீர்மூழ்கி மோட்டாருக்கு என்ன கேபிள் வாங்குவது என்று கேட்ட விவசாயிக்கு, 2.5 ஸ்கொயர் எம்.எம். (செம்புக் கம்பியின் குறுக்குப் பரப்பு) தாராளமாகப் போதும் என்று ஒரே வரியில் பதில் தந்திருக்கிறீர்கள். போர்வெல் எத்தனை அடி, மோட்டாரை ஓட்டும் ஸ்டார்ட்டர் பெட்டி எவ்வளவு தூரம் என்று கேட்கவே இல்லை. நீளம் தெரியாமல் கேபிள் சொல்வது, அளவெடுக்காமல் சட்டை வெட்டுகிற வேலை.

நீளம் இரட்டித்தால் மின்தடையும் இரட்டிக்கும், குறுக்குப் பரப்பு கூடினால் குறையும் என்பது பள்ளிப் பாடம், தாங்கள் அறியாததல்ல. கணக்கைப் போட்டுப் பாருங்கள். மோட்டார் 600 அடி ஆழத்தில், போர்வெல் வாயிலிருந்து ஸ்டார்ட்டர் ரூம் 220 அடி என்றால் கேபிள் 250 மீட்டர். 2.5 ஸ்கொயர் செம்புக் கேபிளுக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 8 ஓம். ஆக ஒரு கோருக்கு (கேபிளுக்குள் இருக்கும் ஒவ்வொரு கம்பிக்கும்) 2 ஓம். மோட்டார் 10 ஆம்பியர் இழுத்தால், மூன்று பேஸ் கணக்கில் (1.73-ஆல் பெருக்கி, பவர் ஃபேக்டரையும் சேர்த்து) சுமார் 30 வோல்ட் வழியிலேயே போய்விடும். மூன்று கோரிலும் சேர்த்து 600 வாட் வெறும் சூடாகக் கரையும். 4 ஸ்கொயர் போட்டால் 18 வோல்ட் இழப்பு, 6 ஸ்கொயரில் 12. 415 வோல்ட்டில் 3 சதவீதத்துக்குள் நிறுத்த வேண்டும் என்றால் இந்தத் தூரத்துக்கு 6 ஸ்கொயர்தான் சரி. இதே மோட்டார் 250 அடியில் இருந்து, ஸ்டார்ட்டரும் பக்கத்திலேயே இருந்தால் 2.5 போதும். உங்கள் பதில் அப்படிப்பட்ட விவசாயிக்குத்தான் பொருந்தும்.

சாயங்காலம் லைனில் 380 வோல்ட் வரும்போதுதான் வினையே. மோட்டாருக்குக் கிடைப்பது 350. சுழற்றும் விசை வோல்டேஜின் வர்க்கத்தோடு இறங்குவதால், 415 வோல்ட்டில் 100 இருக்க வேண்டியது 71 ஆகிறது. பாரத்தை இழுக்க மோட்டார் கூடுதல் ஆம்பியர் எடுக்கும். ஆம்பியர் ஏறினால் கேபிளில் இழப்பும் ஏறும். ஆம்பியர் அளவு மீறினால் மோட்டாரை நிறுத்தும் ஓவர்லோடு ரிலே டிரிப் ஆகும். உடனே ரிலே செட்டிங்கை ஏற்றி வைத்துவிடுவார்கள். சில நாளில் மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பி, அதாவது காயில், கருகும். பழி கம்பெனி மேல், காயில் கட்டியவர் மேல். கேபிளை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

முன்பு ஒரு இதழில் செம்புக்குப் பதில் அதே அளவு அலுமினியம் போடலாம் என்று எழுதினீர்கள். அலுமினியத்தின் தடை செம்பைப் போல 1.6 மடங்கு. 4 ஸ்கொயர் செம்பு இருந்த இடத்தில் குறைந்தது 6 ஸ்கொயர் அலுமினியம் வேண்டும். இரண்டையும் முறுக்கி டேப் சுற்றினால் இணைப்பில் ஆக்சைடு படிந்து அந்த இடம் சூடேறும். வீட்டு மோட்டார் பற்றிய பதிலிலும் இதே குறைதான். சிங்கிள் பேஸில் போகிற கம்பியும் வருகிற கம்பியும் சேர்ந்துதான் நீளம்: 100 மீட்டர் ஒயர் கணக்கில் 200 மீட்டர். 1 ஸ்கொயர் ஒயரில் அது கிட்டத்தட்ட 4 ஓம். 8 ஆம்பியருக்கு 31 வோல்ட் காலி. இதையெல்லாம் அப்போதே எழுதினேன். என் கடிதத்தில் உங்களைப் பாராட்டியிருந்த முதல் இரண்டு வரியைப் போட்டுவிட்டுக் கணக்கை வெட்டிவிட்டீர்கள். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது. வேண்டியது பாராட்டா, கணக்கா?

மிச்சக் கேபிளை 30, 40 மீட்டர் சுருட்டி ஸ்டார்ட்டர் பக்கத்தில் தொங்கவிடுவதையும் தயவுசெய்து கண்டித்து எழுதுங்கள். அதன் வழியாகவும் மின்சாரம் ஓடுகிறது, நீளத்தில் அதுவும் சேர்த்தி. சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகும்.

பழைய கேபிளைச் சோதிக்க, லைனை அணைத்து, இரு முனையையும் கழற்றி, ஒரு முனையில் இரண்டு கோர்களை இறுக முறுக்கி, மறுமுனையில் அந்த இரண்டு கோர்களுக்கும் இடையே மல்டிமீட்டரை ஓம் அளவில் வைத்தால் போதும். முதலில் மீட்டர் ஒயர்களின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொட்டு, அது காட்டும் 0.2, 0.3 ஓமைக் கழித்துவிடுங்கள். மீதியில் பாதிதான் ஒரு கோரின் தடை. 250 மீட்டர் 2.5 ஸ்கொயரில் 2 ஓமுக்குப் பதில் 3 வந்தால், உள்ளே ஜாயின்ட் கெட்டிருக்கிறது, அல்லது செம்பு அளவில் குறைந்த கேபிளை விற்றிருக்கிறார்கள்.

கேட்பது ஒன்றே ஒன்று. அடுத்த இதழில் அதே பக்கத்தில், அதே எழுத்தளவில், பதிலைத் திருத்தி வெளியிடுங்கள். அதற்கு முன்பே அந்த விவசாயிக்கு ஒரு போன் செய்து சொல்லிவிடுங்கள். கேபிளை வெட்டி வாங்கிவிட்டால் கடையில் திரும்ப எடுக்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
மோட்டார் மெக்கானிக் ஒருவர்,
பொள்ளாச்சி வட்டம்.