கண்ணாடி பொருத்தித் தந்த அக்காவுக்கும், கூட நின்ற எல்லோருக்கும்

மாறுகண் உள்ள என் மகளுக்கு, கண்ணாடி போட்டிருக்கும்போது இரண்டு கண்ணும் நேராக நிற்கின்றன. ஆபரேஷன் தேவையில்லை, கண்ணாடியோடு தொடரலாம் என்று டாக்டர் இன்று சொல்லிவிட்டார். நாங்கள் பட்டபாடு உங்களுக்குத் தெரியும். நன்றி சொல்ல மட்டும்தான் எழுதுகிறேன், கை இன்னும் நடுங்குகிறது.

முதல் நன்றி, கண்ணாடி பொருத்தும் பிரிவில் இருக்கும் அக்காவுக்கு.

கண்ணாடி போட்ட பிறகும் இடது கண் மூக்குப் பக்கம் திரும்பிக்கொண்டுதான் இருந்தது. ஆபரேஷன் பேச்சு வந்துவிட்ட நேரம். நல்ல கண்ணை மூடி வைக்கும் ஒட்டு வாங்க நின்றிருந்தோம். யாரும் கூப்பிடாமலே அவர் எழுந்து வந்து தரையில் உட்கார்ந்து, பாப்பா விளையாடுவதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "இவ கண்ணாடி வழியா பாக்கவே இல்லம்மா. சரிஞ்சு கிடக்கு, மேல் விளிம்புக்கு மேல பாக்குறா" என்றார்.

காதுக்குப் பின்னால் போகும் காம்புகளைச் சூடாக்கி வளைத்தார். மூக்கில் உட்காரும் பட்டையை மாற்றினார். தலைக்குப் பின்னால் ஒரு எலாஸ்டிக் கட்டினார். அப்புறம் ஒரு சின்னப் படத்தைப் பார்க்கச் சொல்லி, டார்ச் அடித்து எனக்குக் காட்டினார். முன்பு இடது கண்ணில் கருமணிக்கு வெளிப்பக்கமாகத் தள்ளி விழுந்த வெளிச்சப் புள்ளி, மெல்ல மெல்ல நடுவுக்கு வந்தது. வலது கண்ணிலும் நடு, இடது கண்ணிலும் நடு! அந்தப் புள்ளியை நான் மறக்கவே மாட்டேன்.

இரவில் கண்ணாடியைக் கழற்றினால் கண் இன்னும் அதிகமாக உள்ளே போகிறதே, கண்ணாடியே கெடுத்துவிட்டதோ என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். பாப்பாவுக்கு பிளஸ் பவர். தெளிவாகப் பார்க்கக் கண் கூடுதலாக முயற்சி எடுக்க வேண்டும். அந்த முயற்சிதான் கண்ணை உள்ளே இழுக்கிறது. கண்ணாடி அந்த வேலையை ஏற்றுக்கொள்கிறது, கழற்றினால் கண் பழைய வேலைக்குப் போய்விடும், அவ்வளவுதான். இதைச் சொல்ல வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. பில் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருக்கலாம்.

மருந்து விட்டு, கருமணி விரிந்த பிறகே பவர் பார்த்து, விழித்திரையில் கட்டி ஏதும் இல்லை என்றும் உறுதி செய்த டாக்டருக்கு, சொட்டு மருந்தோடு மல்லுக்கட்டிய நர்சுகளுக்கு, வகுப்பில் ஒட்டைக் கேலி செய்ய விடாத டீச்சருக்கு, அவளைப் பட்டப்பெயர் சொல்லி அழைப்பதை நிறுத்திய சொந்தங்களுக்கு, எல்லோருக்கும் நன்றி.

இனி எந்தக் குழந்தையைப் பார்த்து யார் "வளர வளர சரியாயிடும்" என்றாலும் நான் குறுக்கே பேசப்போகிறேன். நாலைந்து மாதம் தாண்டியும் கண் உள்ளே திரும்பினால் காட்டிவிட வேண்டும். மூக்குத்தண்டு அகலமாக இருப்பதால் மாறுகண் போலத் தெரிவதும் உண்டு. ஆனால் அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும். தாமதித்தால் திரும்பிய கண்ணின் பார்வையை மூளை ஒதுக்கிவிடும்.

எங்களுக்கு இன்னும் ஒட்டு வேலை பாக்கி இருக்கிறது. நல்ல கண்ணைத் தினமும் 2 மணி நேரம் மூடி, இடது கண்ணைப் பழக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டுக்கு வந்தால் தயவுசெய்து "ஐயோ பாவம்" என்று சொல்லாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து அவளோடு சேர்ந்து கலர் அடியுங்கள், போதும்.