நைனா வீட்டில் இருக்கும் கோடை

நெட்டுக்குப்பம், எண்ணூர்
18 மே 2025

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. கோடை மழையோடு அடித்த காற்றில் உங்கள் வாழை சாய்ந்துவிட்டது என்று படித்ததும் மனசு கேட்கவில்லை. தார் விட்ட மரம் எத்தனை போனது? முட்டுக் கொடுத்ததாவது நின்றதா? அப்பாவை நான் விசாரித்ததாகச் சொல்.

பெங்களூரு வேலையைக் கேட்டிருந்தாய். ஜூன் 2 அன்று சேரச் சொன்னார்கள். இரண்டு வாரம் தள்ளிக் கேட்டு எழுதினேன். சரி, 16ஆம் தேதி வா என்று சொல்லிவிட்டார்கள். "அந்த இரண்டு வாரத்தில் அப்படி என்னடி இருக்கிறது?" என்கிறாய். நைனா வீட்டில் இருக்கிறார், அதுதான்.

ஹாஸ்டலில் இதை உன்னிடம் சரியாகச் சொன்னதே இல்லை. நைனா காசிமேட்டில் விசைப்படகுக்குப் போகிறவர். ஒரு தடவை கிளம்பினால் பத்து, பதினைந்து நாள் கடல்தான். கரைக்கு வந்ததும் மீன் இறக்கி, ஏலம் முடிந்து, கணக்குப் பார்த்து, டீசலும் ஐஸும் ஏற்றி மறுபடி கிளம்ப வேண்டும். நடுவில் வீட்டில் இருக்கும் இரண்டு நாளும் பாதி தூக்கத்தில் போய்விடும். மீன்கள் இனப்பெருக்கம் செய்யும் காலம் என்பதால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை கிழக்குக் கரையில் விசைப்படகுகள் போகக் கூடாது. சித்திரை முதல் நாள் பாயசம் குடித்தால், மறுநாளிலிருந்து நைனா வீட்டோடு. பள்ளிக்கூட லீவும் அதோடு சேர்ந்தே வரும். மற்றப் பிள்ளைகள் லீவுக்கு ஊருக்குப் போவார்கள். எங்களுக்கு, ஊருக்குப் போனவர் வீடு திரும்பிய மாதிரி.

2017இல் தடைக்காலத்தை 45 நாளிலிருந்து 61 நாளாக்கினார்கள். குப்பம் முழுக்க அதே பேச்சு, அதே கவலை. எனக்கு மட்டும் பதினாறு நாள் அதிகமாக நைனா கிடைத்தார். அந்த ஜூனில் பள்ளி திறந்த முதல் நாள் அவர்தான் கொண்டுபோய் விட்டார். எந்த வகுப்பு என்று தெரியாமல் வாசலில் நின்று என்னையே கேட்டார். எட்டாவது என்றேன். "எட்டாவதா?" என்று இரண்டு தடவை கேட்டுக்கொண்டார்.

அம்மாவின் கணக்கு இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அரசு தரும் நிவாரணம் 8,000 ரூபாய். இரண்டு மாதத்துக்கு அது எந்த மூலைக்கு? ஒவ்வொரு சித்திரையிலும் அவள் கம்மல் அடகுக் கடைக்குப் போய், ஆடியில் திரும்பி வந்திருக்கிறது. அவளுக்குக் காதில் வேப்பங்குச்சிதான் பிடிக்கும் என்று சின்னதில் நினைத்திருந்தேன்.

கல்லூரியில் இரண்டு கோடை பரீட்சையிலும் பயிற்சியிலும் போய்விட்டன. இந்த வருஷம் வந்து பார்க்கிறேன், நைனாவுக்குத் தலை முழுக்க நரைத்திருக்கிறது. காலையில் திண்ணையில் வலையை விரித்து உட்காருகிறார். கிழிந்த இடத்தை முதலில் கத்தியால் இன்னும் பெரிதாக அறுத்து, ஓரத்தைச் சுத்தமாக்கிக்கொண்டு, அப்புறம்தான் வலை ஊசியை எடுக்கிறார். கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு கண்ணி கண்ணியாக முடிச்சுப் போடுகிறார். நூலைச் சுண்டும்போது ஆள்காட்டி விரல் மடங்குவதில்லை. கயிறு இழுத்த பழைய காயம். எனக்கும் ஓர் ஊசி கொடுத்தார். நான் போட்ட முடிச்சு வழுக்கியது. பேசாமல் அவிழ்த்துவிட்டு மறுபடி என் கையிலேயே கொடுத்தார். நேற்று ஒரு முழம் நானே முடித்தேன். அதை இழுத்துப் பார்த்தார், அவிழ்க்கவில்லை.

ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். வலை இழுத்துப் பழகிய நேரமாம். நானும் எழுந்து டீ போடுவேன். சர்க்கரை டப்பா எங்கே இருக்கிறது என்று அவருக்கு இன்னும் தெரியாது. அந்த நேரத்தில்தான் பேசுகிறார்.

ஊரைப் பற்றியும் கேட்டாய். மெட்ரோ விம்கோ நகரோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேல் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஷேர் ஆட்டோதான். திருவொற்றியூரைத் தாண்டியும் சென்னை இருக்கிறது என்று நிறைய பேருக்குத் தெரியவே தெரியாது. சித்தப்பாவுக்கு ஃபைபர் படகு, அதற்குத் தடை இல்லை. ஆனால் 2023 டிசம்பர் புயல் வெள்ளத்தோடு கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அப்போது தூக்கிப் போட்ட வலைகளுக்கு வாங்கிய கடனே அவருக்கு இன்னும் தீரவில்லை. முகத்துவாரத்தில் முன்பு இடுப்பளவு தண்ணீரில் கையாலேயே இறால் பிடிப்பார் ஆயா. அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து இப்போது காலுக்குச் சேறு தட்டுப்படாமல் ஏதோ சிமெண்ட் மாதிரி இருக்கிறது என்கிறார். கூடப் போய்க் கால் வைத்துப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 14 நள்ளிரவோடு தடை முடிகிறது. அன்று துறைமுகத்தில் அத்தனை படகிலும் விளக்கு எரியுமாம், எல்லா இன்ஜினும் ஒன்றாகக் கிளம்புமாம். பொம்பளைப் பிள்ளைக்கு அந்த நேரத்தில் என்ன வேலை என்று ஒரு தடவையும் கூட்டிப் போனதில்லை. இந்த முறை நைனாவே, "வர்றியா?" என்றார். மறுநாள் ராத்திரி எனக்கு பெங்களூரு ரயில்.

முடிந்தால் 13ஆம் தேதியே வந்துவிடு, சேர்ந்து போகலாம். பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வா. அங்கே தரையெல்லாம் ஐஸ் தண்ணீராக இருக்கும்.

அன்புடன்,
உன் எண்ணூர்க்காரி