பூஜை அறை வாசலில் 12 கல்: எங்கள் ஊர் டைல்ஸ், ஹார்டுவேர் கடைக்காரர்கள் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளிமார்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் யார் என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். கடந்த பத்து மாதமாக பைபாஸ் ரோட்டில் ஸ்கூட்டியில் போய் வருகிற கணக்கு டீச்சர்தான். பின்சீட்டில் வீட்டுக்காரர், அவர் மடியில் வாஷ்பேசின் பெட்டி, அவர் முகமே வெளியே தெரியாது, அப்படி ஒரு ஜோடி போனால் அது நாங்கள்தான். மூன்று சென்ட் மனையில் ஒரு வீடு. தை பிறந்ததும் கிரகப்பிரவேசம். பத்திரிகை அடித்தாகிவிட்டது.

போன வியாழக்கிழமை நடந்தது உங்கள் காதுக்கு ஏற்கெனவே வந்திருக்கும், கடையில் கொஞ்சம் சத்தமாகத்தான் பேசினேன். யார் கடை என்று இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் அவர் ஒருவர் தப்பு என்று ஆகி மற்றவர்கள் தப்பித்துக்கொள்வீர்கள். நான் கேட்பது உங்கள் எல்லோரிடமும், ஒன்றே ஒன்றுதான்: டைல்ஸ் விற்கும்போது ஒழுங்கான பில் கொடுங்கள், அந்தப் பில்லில் பேட்ச் நம்பரையும் ஷேடையும் எழுதிக் கொடுங்கள்.

ஹால், டைனிங், நடை எல்லாம் சேர்த்து 480 சதுர அடி. இரண்டுக்கு இரண்டு ஐவரி கல். கடைப் பையன் கால்குலேட்டரில் தட்டி, பெட்டிக்கு நாலு கல், ஒரு பெட்டி 16 சதுர அடி, அப்போ 30 பெட்டி, வேஸ்டேஜுக்கு ரெண்டு சேர்த்து 32 போட்டுக்கங்க சார் என்றான். (சார் என்றது என் வீட்டுக்காரரை. அளவெடுத்தது நான், கேட்டது நான். அதற்குப் பின்னால் வருகிறேன்.) சரி என்று சதுர அடிக்கு 52 ரூபாய் வீதம் கொடுத்துவிட்டு வந்தோம்.

கணக்கு டீச்சராக இருந்துகொண்டு நான் செய்த முட்டாள்தனம், பெட்டியில் அச்சடித்திருந்ததை வாங்குகிற அன்றைக்கே படிக்காததுதான். இரண்டுக்கு இரண்டு என்று நீங்கள் சொல்கிற கல் உண்மையில் 600 மில்லிமீட்டர். இரண்டு அடி என்றால் 610 வர வேண்டும். நாலு கல் சேர்ந்தால் 1.44 சதுர மீட்டர், அதாவது 15.5 சதுர அடி, பதினாறு இல்லை. பெட்டிக்கு அரை அடிதானே என்பீர்கள். 32 பெட்டிக்கு 16 சதுர அடி, முழுசாக ஒரு பெட்டிக் காசு, 832 ரூபாய், இல்லாத கல்லுக்குக் கொடுத்திருக்கிறேன். அது போகட்டும். தரைக்கே 31 பெட்டி போய்விடும் என்றால் மிச்சம் ஒரே ஒரு பெட்டியில் வெட்டும்போது வீணாகிற கல், ஸ்கர்ட்டிங் (சுவர் அடியில் ஒட்டுகிற பட்டை) எல்லாம் எப்படி வரும்? ஒரு பக்கம் மேஸ்திரி பதித்துக்கொண்டே வர, இன்னொரு பக்கம் அவருடைய ஆள் ஸ்கர்ட்டிங்குக்கு நாலு இஞ்ச் பட்டை வெட்டிக்கொண்டே வர, கடைசியில் பூஜை அறை வாசலுக்கு வந்ததும் கல் தீர்ந்துவிட்டது. மூன்று பெட்டி குறைவு.

அன்றைக்கே குட்டியானை பிடித்துப் போனோம். அதே கடை, அதே பையன். "அதே கம்பெனி, அதே டிசைன் மேடம், நேத்துதான் மோர்பியிலேர்ந்து புது லோடு இறங்குச்சு" என்று சந்தோஷமாகச் சொன்னான். (மோர்பி என்பது குஜராத்தில் டைல்ஸ் செய்கிற ஊர்.) புது லோடு என்ற வார்த்தை எனக்கு உறைக்கவே இல்லை, பால் மாதிரி புதுசாக இருந்தால் நல்லதுதானே என்று நினைத்தேன். மேஸ்திரி சாயங்காலம் ஆறரை மணிக்கு, வயரில் தொங்குகிற ஒரு பல்ப் வெளிச்சத்தில் பதித்து முடித்தார். தண்ணீர் தெளித்துவிட்டு வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

காலையில் போய்க் கதவைத் திறந்தால் கிழக்கு ஜன்னலிலிருந்து வெயில் நேராகத் தரையில் விழுகிறது. ஹால் முழுக்கத் தயிர் நிறம், பூஜை அறை வாசலில் மட்டும் 12 கல் லேசாக ரோஸ் அடித்துக்கொண்டு நிற்கிறது. பழைய வேட்டியில் புதுத் துணி ஒட்டுப் போட்டது போல. என் வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அந்த 12 கல்லையும் சுற்றிச் சுற்றி வந்தார், அப்புறம் ஈரம் காய்ந்தால் சரியாகிவிடும் என்றார். நைட் ஷிப்ட் முடித்துவிட்டு நேராக வந்தவர், அவரிடம் இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. காய்ந்தது. சரியாகவில்லை.

ஒரே டிசைனாக இருந்தாலும் சூளையிலிருந்து ஒவ்வொரு தடவை வருகிற சரக்கிலும் நிறம் ஒரு பொட்டு மாறும், அளவுகூட மயிரிழை மாறும், அதனால்தான் பெட்டியில் பேட்ச், ஷேட் என்று எண் அடிக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் கடைப் பையனுக்கும் தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர் நாங்கள் மட்டும்தான், காசு கொடுக்கிறவர்களும் நாங்கள் மட்டும்தான்.

வியாழக்கிழமை கடைக்குப் போனபோது கிடைத்த பதில்களை வரிசையாகவே சொல்கிறேன். கிரௌட் (கல் இடுக்கில் பூசுகிற கலவை) போட்டால் தெரியாது. வீட்டுக்குள் யார் மேடம் குனிந்து பார்க்கப் போகிறார்கள். சோபா போட்டால் மறைந்துவிடும். பூஜை அறை வாசலில் சோபா போடுகிற வாஸ்து எதுவென்று தெரியவில்லை, சாமியும் உட்கார்ந்து டிவி பார்க்கட்டும் என்று விட்டுவிட வேண்டியதுதான். கடைசியாக, "போட்ட கல்லை எப்படிம்மா ரிட்டர்ன் எடுக்கிறது, உங்க பில்லைக் காட்டுங்க பார்ப்போம்" என்றார்.

பில்! என் பர்ஸில் இருந்தது ஒரு துண்டுச் சீட்டு. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'எஸ்டிமேட்', அதற்குக் கீழே '2க்கு 2 ஐவரி 32', அடியில் 'விற்ற பொருள் வாபஸ் பெறப்படமாட்டாது'. கடைப் பெயர் இல்லை, தேதிகூட நான் கேட்டு எழுதியது. பணம் போனதும் கடைக் கணக்குக்கு இல்லை, கடைக்காரருடைய மச்சான் நம்பருக்கு. ஒழுங்கான பில் கேட்டபோது, பில் போட்டால் 18 சதவீதம் கூடச் சேரும் பரவாயில்லையா சார் என்று சிரித்துக்கொண்டே கேட்டீர்கள், நாங்களும் கடனில் வீடு கட்டுகிறவர்கள், பேசாமல் வந்தோம். எங்கள் பங்குத் தப்பும் அதில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பில் கொடுக்காத அதே கை பில் எங்கே என்று நீண்டதே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் கொடுக்காமல் இருப்பதே முறையற்ற வணிகம் என்றுதான் எழுதியிருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதே பட்டியலில்தான் வருகிறது, பில்லில் கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று கணக்கு. நுகர்வோர் உதவி எண் 1915க்குப் போன் போடத் தெரியாமல் இந்த மடலை எழுதவில்லை. ஒரே ஊரில் இருக்கிறோம், உங்கள் பிள்ளைகளில் நாலைந்து பேர் என்னிடம் படிக்கிறார்கள், முதலில் சொல்லிப் பார்ப்போம் என்றுதான்.

சொல்ல உட்கார்ந்த பிறகு மற்றதும் வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். செப்டம்பர் 22, 2025 அன்று சிமெண்டுக்கு ஜிஎஸ்டி 28லிருந்து 18 ஆனது. பூச்சு வேலை நடந்துகொண்டிருந்தது, ஆசையாகப் போனேன். பழைய ஸ்டாக்கும்மா, பழைய விலைதான் என்றார்கள். விலை ஏறுகிற அன்றைக்கு மட்டும் இந்தப் பழைய ஸ்டாக் எங்கே போய் ஒளிந்துகொள்கிறது என்று யாராவது விளக்கினால் நன்றாக இருக்கும். மேஸ்திரி கூட வந்தால் ஒரு விலை, நாங்கள் தனியாக வந்தால் ஒரு விலை, அவருக்குப் போகிற கமிஷன் எங்கள் தலையில். அப்புறம் அந்த 'சார்'. பிராஸ் எல்போ (பைப் திரும்புகிற இடத்தில் போடுவது) முக்கால் இஞ்சுக்கு அரை இஞ்ச் வேண்டும் என்று நான்தான் கேட்பேன், நீங்கள் என் வீட்டுக்காரரைப் பார்த்து, பைப் எந்த வகை, சிபிவிசியா யூபிவிசியா சார் என்பீர்கள், அவர் என்னைப் பார்ப்பார், நான் உங்களைப் பார்ப்பேன். பாவம், அவருக்கு வெளியே மரை இருக்கிற எம்டிஏவும் உள்ளே மரை இருக்கிற எஃப்டிஏவும் இன்னும் குழப்பம்தான். அந்த எல்போவுக்காக வீட்டில் எத்தனை சண்டை! பிளம்பர் போனில் சொன்னது முக்காலா ஒன்றா என்று ஆரம்பித்து, எங்கள் கல்யாணத்தில் யார் வீட்டார் யாரை மதிக்கவில்லை என்பதில் போய் முடிந்த நாளும் உண்டு. அதற்கு உங்களைக் குறை சொல்ல முடியாது.

எல்லோரும் அப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பத்தடிக்குப் பத்தடியில் ஒரு பெரியவர் கடை வைத்திருக்கிறார். மிஞ்சின எல்போ, டீ, கிளாம்ப் எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் கொண்டுபோய்க் கொட்டினால் ஒவ்வொன்றாக எண்ணி, பில்லோடு ஒத்துப் பார்த்து, காசைத் திருப்பித் தந்துவிடுவார். கம்ப்யூட்டர் கிடையாது, கார்பன் பேப்பர் வைத்துதான் எழுதுகிறார். அவரால் முடிகிறது. ஏசி போட்ட ஷோரூமில் வாசலில் காபி மிஷின் வைத்திருக்கிற உங்களால் ஒரு எண்ணை எழுத முடியாதா? பேட்ச் நம்பர் ஒரு வரி ஐயா, பேனாவில் எழுதினால் நாலு நொடி. கூடவே பெட்டிக்கு 15.5 சதுர அடி என்று உண்மையைச் சொல்லி, பிரிக்காத பெட்டி மிஞ்சினால் திரும்ப எடுத்துக்கொள்கிறோம் என்று ஒரு வார்த்தையும் சொன்னால், யாரும் பயந்து பயந்து குறைத்து வாங்க மாட்டார்கள். அடுத்த கூட்டத்தில் இதைத் தயவுசெய்து பேசி முடிவெடுங்கள்.

கடைசியாக என் சொந்த விஷயம் ஒன்று, இதைக் கெஞ்சலாகவே எடுத்துக்கொள்ளலாம். முதலில் வந்த 32 பெட்டியின் அட்டைகளை எல்லாம் மேஸ்திரி ஆட்கள் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார்கள், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றை எங்கள் சித்தாள் அம்மா மதியம் சாப்பிட்டுவிட்டுப் படுக்க மாடிப்படிக்குக் கீழே விரித்து வைத்திருந்தார். சிமெண்ட் கறையைத் துடைத்துப் பார்த்தால் பேட்ச் நம்பர், ஷேட் இரண்டும் தெளிவாக இருக்கிறது. அந்த அம்மாவுக்கு வேறு அட்டை கொடுத்துவிட்டு அதை மடித்து ஸ்கூட்டி டிக்கியில் வைத்திருக்கிறேன். உங்களில் யாருடைய குடோனிலாவது அதே நம்பரில் மூன்று பெட்டி கிடந்தால் சொல்லுங்கள், முழுக் காசும் கொடுத்து, 18 சதவீதமும் கொடுத்து, பில்லோடு வாங்கிக்கொள்கிறேன். ஒட்டின கல்லைப் பக்கத்துக் கல் உடையாமல் பெயர்க்க மேஸ்திரிக்கு இரண்டு நாள் வேண்டுமாம், பொங்கலுக்கு அவர் ஊருக்குப் போய்விடுவார். அதனால் கொஞ்சம் சீக்கிரம் பார்த்துச் சொன்னால் புண்ணியமாகப் போகும்.

இப்படிக்கு,
வாஷ்பேசின் ஜோடியில் வண்டி ஓட்டுகிறவள்