கொறங்காட்டில் குழி தோண்டும் முன்: மரம் நடும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் மழைக்காலம் பிறந்ததும் மரக்கன்றுகளோடு வந்து இறங்கும் தம்பி தங்கைகளுக்கு வணக்கம்.

குளக்கரையிலும் பள்ளிக்கூடத்திலும் நீங்கள் வைத்த வேம்பும் புங்கனும் நன்றாகவே வந்திருக்கின்றன. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. என் வருத்தமெல்லாம் கொறங்காட்டை, அதாவது மாடு மேய்க்க வேலி அடைத்து வைத்திருக்கும் புல் நிலத்தைப் பற்றித்தான். கோடையில் பார்த்தால் அது காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும். சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே ஆங்காங்கே வெள்வேல மரம், அவ்வளவுதான். சும்மா கிடக்கிற இடம்தானே என்று யாருக்கும் தோன்றும். நிலத்துக்காரர் வெளியூரில் இருந்தால் சம்மதமும் சுலபமாகக் கிடைத்துவிடும்.

அங்கே இருப்பது கொழுக்கட்டைப் புல். மேலே காய்ந்தாலும் தூர் சாகாது, வேர் ஆழத்தில் இருக்கும். ஒரு நல்ல மழை விழுந்தால் சில நாளில் துளிர்த்துவிடும். மேற்கு மலைக்கு இந்தப் பக்கம் மழை குறைவு, வருடத்துக்கு 600 மில்லிமீட்டரை ஒட்டித்தான். அந்தச் சரளை மண்ணில், பாசனம் இல்லாமல், காங்கேயம் மாடு தழைத்தது இந்தப் புல்லை நம்பித்தான். (வேடிக்கை என்னவென்றால், ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவின் அரிசோனாவிலும் இதே புல்லைக் களை என்று பிடுங்கிக்கொண்டிருக்கிறார்கள். அங்கே அது வந்தேறி.)

ஒருநாள் மாட்டை மேயவிட்டுப் பின்னாலேயே நடந்து பாருங்கள். மாட்டுக்கு மேல்தாடையில் முன்பல் கிடையாது. நாக்கால் வளைத்துச் சுருட்டித்தான் இழுக்கும். அதனால் கொஞ்சம் உயர்ந்து நிற்கிற இளசான புல்தான் அதற்குத் தோது. கொழுக்கட்டைப் புல்லும், மழைக்குப் பின் அதனூடே படரும் நரிப்பயற்றங்கொடியும் சேர்ந்து கிடைத்துவிட்டால் தலையைத் தூக்காது. அருகம்புல்லும் பிடிக்கும், ஆனால் தரையோடு ஒட்டிக் கிடந்தால் அது ஆட்டுக்குத்தான். ஊசிப்புல்லை இளசில் தின்னும், கதிர் முற்றி ஊசி வைத்த பிறகு ஒதுக்கிவிடும். கோரையைப் பசி வந்தால்தான் தொடும். ஆவாரையும் எருக்கும் பச்சையாக நிற்கும், மாடு தாண்டிப் போய்விடும். தன் சாணம் விழுந்த இடத்தைச் சுற்றிப் புல் எவ்வளவு செழித்தாலும் சில வாரம் வாய் வைக்காது. பசுமையைப் பார்த்து நாம் ஏமாறலாம், மாடு ஏமாறாது.

பிடித்த புல்லையே திரும்பத் திரும்பக் கடித்தால் அது தேய்ந்து, பிடிக்காதது பெருகிவிடும். அதனால்தான் பெரியவர்கள் காட்டைத் துண்டு துண்டாக அடைத்து, ஒன்றில் மேய்க்கும்போது இன்னொன்றை ஆறப்போட்டார்கள். வெள்வேலையும் யோசித்துத்தான் விட்டுவைத்தார்கள். பொடி இலை என்பதால் அடியில் வெயில் இறங்கும், புல் வரும். கோடையில் புல் தீர்கிற நேரத்தில் காய் உதிர்ந்து தீவனமாகும்.

அதே இடத்தில் புங்கனை நெருக்கி வைத்தால் என்ன ஆகும்? குழிக்காகக் கிளறிய இடத்தில் தூர் போய்விடும். கன்றைக் காப்பாற்ற இரண்டு மூன்று வருடம் மாட்டை உள்ளே விட முடியாது. அப்புறம் நிழல் கட்டிவிட்டால் புல் வராது. அதுவரை மாட்டுக்காரர் சோளத்தட்டு விலைக்கு வாங்கிக் கட்டுத்தறியில் போடுவார், கட்டுப்படியாகாதபோது மாட்டை விற்றுவிடுவார். தண்ணீர் பாய்ச்சி வளர்க்கிற கம்பு நேப்பியர் தீவனப்புல்லைப் போட்டுக்கொள்ளலாமே என்று சிலர் சொல்கிறார்கள். தண்ணீர் இருக்கிறவர் போடட்டும், இங்கே பாதிக் கிணறு கோடையில் வற்றிப்போகிறது.

சரி, வந்தது வந்தீர்கள், கையில் ஆள் இருக்கிறது, செய்ய வேலையும் இருக்கிறது. சீமைக்கருவேலத்தின் இலையை மாடு தின்னாது, ஆனால் காயைத் தின்று சாணத்தில் விதையைப் பரப்பிவிடும். மழை பெய்து மண் இளகியிருக்கும்போது அதன் நாற்றுகளை வேரோடு பிடுங்குங்கள். மேலே மட்டும் வெட்டினால் மறுபடி துளிர்க்கும். மரம் வைத்தே ஆக வேண்டுமென்றால் வேலியோரமாக, விட்டு விட்டு, வெள்வேல் வையுங்கள். புல் செத்துப்போன காடாக இருந்தால் மாட்டுக்காரரைக் கேட்டுக் கொழுக்கட்டைப் புல் விதை தூவலாம். ஆனால் புதிதாக உருவிய விதை உடனே சரியாக முளைக்காது. போன வருடத்து விதையாகப் பார்த்து வாங்கி, ஐப்பசி மழைக்கு முன் தூவி, மேலாக மண்ணைக் கீறிவிட்டால் போதும். முதல் வருடம் மட்டும் அங்கே மாடு விடக்கூடாது என்று அவரே சொல்வார்.

இப்படிக்கு,
கொறங்காடு வைத்திருக்கும் ஒரு விவசாயி